அடிக்கத் தெரியவேணும்

"உப்பிடியே அடிக்கிறது? நாவல்பழத்தைச் சப்பி முகத்தில துப்பின மாதிரிக் கிடக்கு!"

வேரோனிக்கா தன் தம்பியின் மனைவி றஜிதாவின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது கண்ணுக்குக் கீழே ஊதாவும் நீலமுமாய், இரத்தம் கட்டினதுபோல ஒரு கண்டல். தாடைப் பக்கமாய் இன்னொன்று, மஞ்சள் பாரித்து.

"பழகிறன்தானே மச்சாள்," என்று றஜிதா சிரித்தாள். "ஹலோவீனுக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. பேய் முகம், காயம் எண்டு அடிச்சுவிட்டால் சனம் வருமாம்."

"ஆர் சொன்னது?"

"யூரியூப்பில."

அந்தச் சொல்லைக் கேட்டாலே வேரோனிக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினெட்டு வருடமாகக் கனடாவில், அஜக்ஸிலும் ஸ்காபரோவிலும் கலியாணப் பெண்களுக்குக் காற்றால் நிறம் அடிக்கும் எயார்பிரஷ் மேக்கப் போடுகிறவள் அவள். தாலி கட்டும்போது அழுதாலும் அவள் போட்ட முகம் கரையாது. இப்போதென்றால், ஒன்லைனில் ஒரு பெட்டியை வாங்கி இரண்டு வீடியோவைப் பார்த்தவர்களெல்லாம் ஆர்ட்டிஸ்ட்.

தாங்ஸ்கிவிங் மத்தியானச் சாப்பாடு முடிந்து, இருவரும் அப்போதுதான் பேஸ்மென்றில் இருந்த வேரோனிக்காவின் மேக்கப் அறைக்கு இறங்கி வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையிலேயே தம்பி மாக்கஸ் பகிடியைத் தொடக்கியிருந்தான்.

"அக்கா, வீட்டில ஒரே பெயின்ற் மணம். மனுசி கார்க் கராச் திறக்கப்போறாபோல! காலமை முழுக்க முகத்தில அடிச்சுப் பழகினவ, கழுவிப்போட்டு வரவும் நேரமில்லையாம்."

எல்லாரும் சிரித்தார்கள். றஜிதாவும் சிரித்தாள். மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வேரோனிக்காதான்.

"இந்தாரும், பிடியும்." வேரோனிக்கா இப்போது தன் எயார்பிரஷை றஜிதாவின் கையில் திணித்தாள். "பேனை மாதிரிப் பிடிக்கவேணும், அகப்பை மாதிரி இல்லை. அமத்தினால் காத்து. பின்னுக்கு இழுத்தால் நிறம். முதல்ல காத்து, பிறகுதான் நிறம். முகத்துக்குக் கிட்டப் போக முதல் தாள்ல புள்ளி வைச்சுப் பழகவேணும். நீர் எத்தினை தாள் பழகினீர்?"

"தாள்ல பழகேல்ல மச்சாள். நேர முகத்திலதான்."

"நேர முகத்தில!" வேரோனிக்கா கூரையைப் பார்த்தாள். "மூளையுள்ள சனம் செய்யிற வேலையே இது?"

றஜிதா தாளில் ஒரு கோடு இழுத்தாள். நிறம் குபுக்கென்று கொட்டி, எட்டுக்கால் பூச்சிபோல நாலா பக்கமும் கால் விட்டது.

"நேர்கோடு வரேல்ல. இதுக்குள்ள காயம் போடப்போறாவாம்!"

"எவ்வளவு தூரத்தில பிடிக்கவேணும்?"

"ஒரு சாண். கிட்டப் பிடிச்சால் இப்பிடித்தான் ஊத்தும். மெல்லிசா அடிக்கவேணும், காயவிட்டு அதுக்கு மேல இன்னொருக்கா. நீர் ஒரே இடத்தில திரும்பத் திரும்ப அடிச்சு வைச்சிருக்கிறீர். பாரும், வீங்கின மாதிரித் தெரியுது."

றஜிதா இன்னொரு தாளை எடுத்தாள். கோடு இந்தமுறை கொஞ்சம் நேராக வந்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"மச்சாள், கண்டல் இருந்தால் அதை மறைக்கிறதுக்கு எந்த நிறத்தை முதல் அடிக்கவேணும்?"

வேரோனிக்காவுக்கு இப்போதுதான் விளங்கியது. ஹலோவீன் சும்மா சாட்டு. மறைக்கப் பழகினால் அடுத்தது மணப்பெண் ஓடர்தானே!

"என்ர தொழிலுக்கே கை வைக்கப் பாக்கிறீரோ? போடவே தெரியேல்ல, அதுக்குள்ள மறைக்கப்போறா."

"சும்மாதான் கேட்டனான்."

"சும்மா கேக்கிறவை நோட்டுப் புத்தகத்தோட வரமாட்டினம்." றஜிதாவின் மடியில் இருந்த கொப்பியை அவள் ஏற்கெனவே கவனித்திருந்தாள். "உண்மையான கண்டலை நீர் ஒருநாளாவது கண்டிருக்கிறீரோ? முதல்ல சிவப்பு, பிறகு நீலம், ஊதா. ஒரு கிழமை போனால்தான் மஞ்சள். நீர் என்னண்டால் நேற்றைய கண்டலையும் போன கிழமைக் கண்டலையும் ஒரே முகத்தில போட்டிருக்கிறீர். எந்த மடையன் நம்புவான்?"

றஜிதா கொப்பியை மூடினாள்.

"சரி, இரும். எல்லாத்தையும் துடைச்சுப்போட்டு, எப்பிடி அடிக்கிறதெண்டு நான் காட்டுறன்."

"வேண்டாம் மச்சாள். வீட்டை போய் நானே கழுவுறன்."

"ஏன், வெக்கமோ? இந்த வேலைக்கு வெக்கப்படத்தான் வேணும்."

வேரோனிக்கா பஞ்சில் மேக்கப் கழற்றும் எண்ணெயை ஊற்றினாள். விலகப் பார்த்தவளின் பின்தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே தேய்த்தாள். றஜிதா பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுத்தாள்.

"என்ன சாமானப்பா வாங்கி அடிச்சனீர்? போகமாட்டன் எண்டு நிக்குது!"

இன்னும் அழுத்தித் தேய்த்தாள். றஜிதாவின் கண்ணீர் வழிந்து அவள் விரலில் பட்டது. கண்டல் அப்படியே இருந்தது.

வேரோனிக்கா பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். அது வெள்ளையாகவே இருந்தது.

"அக்கா, ரெண்டு பேருக்கும் ரீ போடட்டோ?" என்று மாக்கஸ் கேட்டபடி படியில் இறங்கி வரும் சத்தம் கேட்டது. வேரோனிக்கா எழுந்துபோய் அறைக் கதவை உள்பக்கமாகப் பூட்டினாள்.