நொண்டிக் காகத்துக்கு வைத்த சோறு

அமாவாசை உச்சிவெயிலில், வீட்டு மாடித் தட்டட்டிச் சுவரின்மேல் இலையை வைத்துவிட்டு உலகம்மாள் நிற்கிறாள். செத்துப்போன புருஷனுக்குப் படைத்த சோறு. காகம் எடுக்கும்வரை அவள் வாயில் பச்சைத்தண்ணீர் படக் கூடாது. எதிரே, இடி விழுந்து எரிந்த மொட்டைக் கோபுரத்தின் விளிம்பிலிருந்து ராசாளிக் குஞ்சு ஒன்று முதன்முதலாகக் காற்றில் விழுகிறது. விழுந்த பிறகுதான் சிறகை விரிக்கிறது. உடனே காகங்கள் கரைந்துகொண்டு அதைச் சூழ்கின்றன. முன்னால் வருவது நொண்டிக் காகம். மாதாமாதம் இந்தச் சோற்றைத் தின்ன வருவதும் அதுதான். "எம் மவன்லா வந்துருக்கான்" என்று மாமியார் அதைக் கும்பிடுவாள். நொண்டிக் காகம் குஞ்சின் முதுகில் கொத்துகிறது. பிஞ்சு இறகுகள் வெயிலில் சுழல்கின்றன. உலகம்மாளின் விரல்கள் தன் முழங்கைத் தழும்பைத் தேடிப் போகின்றன. குழம்பில் உப்புக் குறைந்த அன்று அவன் கொள்ளிக்கட்டையால் சுட்ட இடம். கோபுர உச்சியில் தாய் ராசாளி கழுத்தைத் திருப்புகிறது. "விட்டுராத தாயி" என்கிறாள் உலகம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு. கவண்கல்லாக இறங்குகிறது அது. ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல ஒரே சத்தம். நொண்டியின் கறுப்பு இறகுகள் சோற்றின்மேல் வந்து உதிர்கின்றன. கீழேயிருந்து மாமியார் கேட்கிறாள்.

"ஏட்டி, எம் மவன் வந்துட்டானா?"

"வந்தாவ அத்தே. இனும வரமாட்டாவ."

உலகம்மாள் இறகுகளை ஊதித் தள்ளிவிட்டு, அந்தச் சோற்றைப் பெரிய உருண்டையாக உருட்டித் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள்.