விஜியின் வில்லை

விஜியின் வில்லையைப் பரணிதரன் இடுக்கியால் எடுத்தார். தட்டில் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஒரு தடவ சூடு பண்ணிட்டா அவ்ளோதான் தம்பி. அப்புறம் உள்ள ஒண்ணும் இருக்காது. வேணாம்னா இப்பவே சொல்லிடு."

மாமல்லபுரத்தில் ஓர் அரங்கம். விளக்குகளை அணைத்திருந்தார்கள். மடக்கு நாற்காலிகளில் எங்கள் ஊர்க்காரர்கள்.

பரணிதரன் கல்பாக்கத்தில் கதிர்வீச்சை அளப்பவர். சிநேகா சென்னையிலிருந்து வந்த ஓவியர். மணலிலும் பாறையிலும் இயல்பாகவே இருக்கிற கதிர்வீச்சைக் கண்ணுக்குக் காட்டப்போகிறோம் என்று போன வருடம் இருவரும் வீடு வீடாக வந்தார்கள். ஆளுக்கொரு வில்லை கொடுத்தார்கள். நகத்தளவு, கறுப்பு உறைக்குள். கழுத்தில் கட்டிக்கொண்டால் நம் மேல் படுவதையெல்லாம் சேர்த்து வைக்கும். சூடாக்கினால் வெளிச்சமாகத் திருப்பித் தரும்.

தாங்கள் வந்து திரும்ப வாங்கும்வரை குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது என்றார் சிநேகா. என் மனைவி விஜி தலையாட்டினாள்.

அவர்கள் வாங்க வந்தபோது எங்கள் வீடு பூட்டியிருந்தது. வந்து போனதே எங்களுக்குத் தெரியாது.

இப்போது விஜி இல்லை. வில்லை இருந்தது. அதற்குள் இருப்பது அவள் மேல் பட்டது. வீட்டில் வேறு எதிலும் அது இல்லை.

எனக்கு முன்னால் சூடாக்கியது டீக்கடை தனகோடியின் வில்லை. கருவி அதன் மினுக்கத்தைப் பெருக்கிச் சுவரில் காட்டியது. தேங்காய் அளவு வெளிச்சம், மங்கலாக வந்து போனது.

"இன்னா அண்ணாத்த, உன் கடை பல்பு மாதிரியே எரியுது?" என்றது பின்வரிசை. தனகோடியும் சிரித்தார்.

"பண்ணுங்க சார்," என்றேன்.

சுவர் முழுவதும் வெளுத்தது. கூரையும் வெளுத்தது. முன்வரிசையின் முகங்கள் தெரிந்தன. பரணிதரன் எழுந்து நின்றிருந்தார்.

பிறகு இருட்டு.

சிநேகா கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்.

"நாங்க பக்கத்து வூடு சார்," என்றாள் வசந்தா. "எங்க வூட்ல கொயந்தைங்க கீதுங்க."

நாற்காலிகள் நகரும் சத்தம். யாரோ விளக்கைப் போட்டார்கள். வில்லை தட்டில் இருந்தது. முன்பு போலவே வெள்ளையாக.

பரணிதரன் என்னருகில் வந்து குனிந்தார். இதைப் போட்டுக்கொண்டு விஜி எங்காவது போனாரா என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "கேன்சருக்குக் கரண்ட் வைக்க."

வசந்தா உட்கார்ந்தாள்.

அந்தக் கதிர்வீச்சு அறையின் வாசலில் நகையெல்லாம் கழற்றச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் தாலியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

இதை மட்டும் துணிக்குள் தள்ளிக்கொள்வாள்.

அவர்கள்தான் இன்னும் வாங்க வரவில்லையே.