ஏழு மணி சீரியல்

"அந்த மாமியாருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரே வீட்ல இருந்துகிட்டு மகன் பண்றது தெரியலையாமா!"

தலை சீவிக்கொண்டிருந்தவள் சீப்பை ஓங்கினாள். எதிரே நின்ற மருமகள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"என் மேல ஏன் பாயறீங்க அத்தை? நடந்த கதையைத்தானே சொன்னேன்?"

சீப்பை ஓங்கிய இந்த மாமியாருக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பகல் பன்னிரண்டுக்குப் போனால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் விடுவார்கள். அங்கே அவளுக்குப் பட்டாசு என்று பெயர். திரி ரொம்பச் சின்னது. ஏழு மணி சீரியலைக் கண்ணால் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. பாழாய்ப்போன சீரியலுக்கும் அன்றைக்குத்தான் லீவு. அதனால் மருமகள் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் வரி விடாமல் சொல்வாள். இவள் கேட்டுக் கொதிப்பாள்.

"சரி, மேல சொல்லு. சட்டைப் பையில என்ன கிடைச்சுது?"

"ரெண்டு சினிமா டிக்கெட். மீட்டிங் இருக்குன்னு சொல்லிட்டுப் போனான் பாருங்க, அதே தேதி."

"படுபாவி! நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டாளா இல்லையா?"

"கேட்டா. கூட வேலை பார்க்கிற பையனோட போனேன்னு சாதிச்சுட்டான். அப்புறம் மாடிப்படியில நின்னு அந்தப் பொண்ணுகிட்ட போன் பேசறான். 'இவளை அனுப்பிட்டு உன்னைக் கூட்டிட்டு வரேன்'னு. இவ கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டா."

பட்டாசுக்குச் சந்தேகம் வந்தது. "ஏம்மா, அவ்வளவு பெரிய பங்களாவுல பேசறதுக்கு ஒரு ரூம் கிடைக்கலையா அவனுக்கு?"

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "டைரக்டருக்கு அறிவில்லை, அத்தை."

"அதைச் சொல்லு."

குளியலறையில் மகன் சீட்டியடிப்பது கேட்டது. "டேய், தண்ணியை மூடுடா! நீ குளிக்கிறியா, ஊரைக் குளிப்பாட்டறியா?" என்று அந்தப் பக்கம் ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள்.

"இப்ப என்னதான் வேணுமாம் அவனுக்கு?"

"மனசு ஒத்துப் பிரியறோம்னு ஒரு பேப்பர் கொண்டுவந்து நீட்டியிருக்கான். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடணுமாம்."

"இவ மாமியார்கிட்ட போய்ச் சொல்ல வேண்டியதுதானே? வாயைத் தச்சா வச்சிருக்கு?"

"பயப்படறா அத்தை." மருமகள் குரல் இறங்கியது. "ஒரே பையன். 'எங்கம்மாகிட்ட சொல்லித்தான் பாரேன், என் பக்கம்தான் நிப்பாங்க'ன்னு அவனே சிரிக்கிறான். அம்மா அப்பா இல்லாத பொண்ணு. மாமியாரும் கைவிட்டுட்டா எங்க போவா?"

"சிரிக்கிறானா! பெத்தவளைக் காட்டியே மிரட்டறானா!" சீப்பு கட்டிலில் போய் விழுந்தது. "அவ மட்டும் அவன் பக்கம் நிக்கட்டும், அவளும் ஒரு பொம்பளையா? பெத்துட்டா எல்லாத்துக்கும் தலையாட்டணுமா? நானா இருந்தா..."

தெருமுனையில் ஆஸ்பத்திரி வேன் ஹாரன் அடித்தது. பட்டாசு பையைத் தூக்கிக்கொண்டு செருப்பில் பாதிக் காலை நுழைத்தபடியே ஓடினாள்.

மருமகள் பின்னாலேயே வாசல் வரை வந்தாள். "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க, அத்தை?"

"வந்து சொல்றேன்மா!"

"இப்பவே சொல்லிட்டுப் போங்களேன்."

"அட, சீரியல்தானே! எங்க ஓடிடப் போகுது?"

வேனில் ஏறியும் ஆத்திரம் அடங்கவில்லை. சலவைக்கூடத்தில் துணி மூட்டைகளைப் பிரிக்கும்போதும் அடங்கவில்லை. மூன்று மணிக்கு, உலர்த்தியிலிருந்து சுடச்சுட வந்த விரிப்புகளை மடிக்க நின்றபோது, எதிர்முனையைப் பிடிக்க ஒல்லிக்குச்சி வந்தாள். காலை ஷிப்டில் இருப்பவள். இன்றைக்குத்தான் மாறி வந்திருந்தாள். கேட்க ஒரு புதுக் காது கிடைத்தால் பட்டாசு விடுவாளா? விரிப்பை உதறினாள், கதையையும் உதறினாள். ஒவ்வொரு மடிப்புக்கும் இருவரும் நெருங்கி வர, முகத்துக்கு நேராக அந்தப் புருஷனை ஒரு திட்டு திட்டினாள். டிக்கெட்டுக்கு ஒன்று. மாடிப்படிக்கு ஒன்று. பேப்பருக்கு இரண்டு.

"அவனை விடு. அந்த மாமியார்க்காரி இருக்காளே, அவளைச் சொல்லணும். சோத்தைப் போட்டுட்டு, துணியைத் துவைச்சுட்டு, வீட்ல ஒரு பொண்ணு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கறது தெரியாம ஒருத்தி நடமாடுவாளா?"

ஒல்லிக்குச்சி அடுத்த விரிப்பை எடுக்காமல் நின்றாள்.

"எந்த சீரியல்க்கா இது?"

"அதான், ஏழு மணிக்குப் போடறானே. பங்களா வீடு."

"அதுவா? அது முடிஞ்சு மூணு வாரம் ஆச்சே. அந்தப் புருஷன் கார் உருண்டு செத்தே போயிட்டான். இப்ப ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டிதான் ஓடுது."

பட்டாசு வெடிக்கவில்லை. கையிலிருந்த விரிப்பை மேஜை மேல் வைத்தாள். நேராக சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், நான் உடனே வீட்டுக்குப் போகணும்."

"என்னம்மா திடீர்னு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை சார். என் மகனை வீட்டை விட்டு அனுப்பணும்."