அந்தம்மாவுக்கு மட்டும் குடுத்த சொட்டு மருந்து

பக்கத்துல நின்ன அபார்ட்மெண்ட் அம்மாவுக்கும் கண்ணு செவப்பு, ஆட்டோ கோபுவுக்கும் கண்ணு செவப்பு. அந்தம்மாகிட்ட பீளை தள்ளுதான்னு ஒரே கேள்விதான். ஆமான்னதும் சொட்டு மருந்தை எடுத்துக் குடுத்துட்டாரு மெடிக்கல் ஷாப் எலியேசர்.

கோபுவுக்கு ரெண்டு கேள்வி. பீளை இல்லன்னான். வெளிச்சத்தைப் பார்த்தா? ஊசியால குத்துற மாதிரி கீதுன்னான்.

"அப்ப தரமாட்டேன். டாக்டர்கிட்ட போ."

கோபுவுக்கு ஒண்ணும் புரியல. பீர்க்கன்கரணைல இந்தக் கடை தொறந்த நாள்லருந்து காய்ச்சலோ வயித்துவலியோ, வாயால சொன்னா போதும், மாத்திரை வந்துடும். டாக்டர் சீட்டு கேட்டதே இல்ல. ஊரே மெட்ராஸ் ஐல கெடக்குது, தனக்கு மட்டும் இன்னா சட்டம்? காக்கிச் சட்டைக்கு ஒரு நியாயம், அபார்ட்மெண்ட்டுக்கு ஒரு நியாயம் போலன்னு நெனச்சுக்கினான்.

கெஞ்சிப் பார்த்தான். ஷேர் ஆட்டோல எவனும் ஏற மாட்டேன்றான், ஏறுறவனும் என் மூஞ்சியப் பார்க்காம தாம்பரம் வரைக்கும் வானத்தையே பார்த்துகினு வரான்னான்.

எலியேசர் சிரிக்கல. வேற எதுக்காவது ஊசி போட்டுக்கிறியான்னு கேட்டாரு. கோபு இல்லன்னான். மறுபடியும் அதையே கேட்டாரு.

அந்தம்மா போற வரைக்கும் கோபு காத்துகினு நின்னான். அப்புறம் தெருவுல யாருக்கும் சொல்லாததைச் சொன்னான்.

"நுரையீரல்ல கேன்சர்ணா. மூணு வாரத்துக்கு ஒருக்கா ஊசி. கட்டி பாதியா சுருங்கிகீது. திங்கக்கெழம அடுத்த ஊசி. செவந்த கண்ணோட போனா நிறுத்திடுவாங்க. அதுக்குள்ள வெளுக்கணும்ணா."

"கண்ணுல எதுனா ஆனா உடனே போன் பண்ணச் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"பண்ணு. இப்பவே, என் முன்னாடி."

"உனக்கு இன்னாண்ணா போச்சு? உசுரு என்னுது." கோபு குரல் ஏறிடுச்சு.

எலியேசர் கவுண்டரை விட்டு வெளிய வந்து அவன் பக்கத்துல நின்னாரு.

"எனக்கும் அதே மாதிரி ஊசிதான் கோபு. இது மெட்ராஸ் ஐ இல்ல, அந்த ஊசியே சில பேருக்குக் கண்ணுக்குள்ள வீக்கத்தைக் கெளப்பிடும். நானும் இப்படித்தான் பயந்து, யார்கிட்டயும் சொல்லாம, என் கடை சொட்டு மருந்தையே எடுத்துப் பத்து நாள் ஊத்திக்கிட்டேன். ஊசியை ரெண்டு மாசம் தள்ளி வச்சாங்க, அப்புறம் போட்டாங்க. இந்த எடது கண்ணுல பார்வைதான் திரும்பி வரல."