மச்சான் கொடுத்த ஸ்டெபிலைசர்

ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் காலையிலிருந்து டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கணவன் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த போர்டில் மல்டிமீட்டரை வைத்ததும் குஷியாகிவிட்டான்.

"வெளிய வர்ற வோல்ட்டேஜ் பூஜ்யம்! போர்டு காலி. உங்க அண்ணன் வாங்கிக் கொடுத்த லட்சணம் இது."

"உள்ள வர்றது எவ்வளவு?" என்றாள் மனைவி.

"அதுவும் பூஜ்யம். கொடுக்கறதுதான் கொடுத்தார், உருப்படியா ஒண்ணு கொடுக்கக் கூடாதா? என் தம்பி கொடுத்த மீட்டரைப் பாரு. உங்க அண்ணன் வண்டவாளத்தைப் புட்டுப் புட்டு வைக்குது!"

அவள் ஸ்டெபிலைசரின் வயரைச் சுவரிலிருந்து உருவினாள். "இந்த ப்ளக் பாயிண்ட்ல வெச்சுப் பாருங்க."

வைத்தான். பூஜ்யம்.

"ஏங்க, இந்தச் சுவரும் எங்க அண்ணன் கொடுத்ததா?"

கேட்டபடியே டேபிள் ஃபேனை அதே பாயிண்ட்டில் செருகினாள். ஃபேன் ஜோராகச் சுழன்று அவன் முகத்தில் காற்றை வாரி அடித்தது.

அவள் போனை எடுத்தாள்.

"அண்ணா, வரும்போது ஒரு நல்ல மீட்டரா வாங்கிட்டு வா. இவர் தம்பி கொடுத்தது எதுல வெச்சாலும் பூஜ்யம்தான் காட்டுது."