கிழட்டுக் குரல் வேணும்

“குரல் கிழடா இருக்கணும். நடுவுல ரெண்டு தரம் இருமினாலும் பரவாயில்ல.”

புத்தகக் கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, வந்தவளைப் பார்த்தாள். டிராகன் கதைக்கு நல்ல பதிப்பு எது, நல்ல ஒலிநூல் எது என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. கிழட்டுக் குரல் கேட்டு இதுவரைக்கும் ஒரு ஜீவன் வந்ததில்லை.

“இந்தக் கதைக்கு எல்லாரும் கேக்கறது இதுதாம்மா” என்று ஒரு பென் டிரைவ் டப்பாவை நகர்த்தினாள். “வாசிக்கறவர் குரல் இருக்கே, தேன்!”

“தேனா? விஷம்! அந்த ஆளுக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.”

கடைக்காரம்மா டப்பாவைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்புறம் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை, வந்தவள் பொரிந்து தள்ளிவிட்டாள்.

“வேலை இருக்கு, உங்க வீட்டுக்காரர் வர லேட்டாகும்னு அவரோட மேனேஜர் எனக்கு போன் பண்ணுவார். நானும் மடச்சி மாதிரி ‘சரிங்க சார், சரிங்க சார்’னு சொல்லுவேன். கடைசில பாத்தா மேனேஜரும் இவரேதான்! குரலை மாத்திப் பேசிட்டு, இன்னொருத்தியோட சினிமாவுக்குப் போயிருக்கார்.”

“அடப்பாவி!” கடைக்காரம்மா வியாபாரத்தையே மறந்துவிட்டாள்.

“வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷமாச்சு. ஆனா என் பொண்ணு அந்தக் குரல் இல்லாம ஒரு வாய் சாப்பிட மாட்டா. ஊட்டறது நான், கொஞ்சறது அவரையா? ஞாயித்துக்கிழமை குழந்தையப் பாக்க வருவார். வேற ஒருத்தர் வாசிக்கறதைக் கேட்டு அவ சிரிச்சிக்கிட்டே சாப்பிடறதை அவர் கண்ணால பாக்கணும். வயிறு எரியணும்!”

“எரியட்டும். நான் எடுத்துத் தரேன் பாருங்க.” கடைக்காரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

முதலில் எடுத்ததை அவளே திருப்பி வைத்தாள். “வேணாம், இது சுருக்கினது. டிராகன் எட்டிப் பாக்கறதுக்குள்ள கதை முடிஞ்சிடும்.” அடுத்ததில் பின்னணி இசையின் நடுவே வாசிக்கிறவரைத் தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது டப்பாவில் தாடிக்காரர் படம். “மலைத்தாத்தான்னு ஒருத்தர். புதுசா வந்திருக்கு, ஒரு வரி விடாம முழுசா வாசிச்சிருக்கார்.” ஸ்பீக்கரில் செருகியதும் கரகரவென்று ஒரு குரல், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, கதையைத் தொடங்கியது.

“எழுபது வயசு இருக்குமா?”

“எண்பதுன்னாலும் நம்பலாம்.”

வந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது, அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

“அச்சுப் புத்தகமும் இதே மொழிபெயர்ப்பா எடுத்துக்குங்க. குழந்தை விரல் வெச்சுத் தொடரும்போது எழுத்தும் குரலும் ஒண்ணா போகணும், இல்லன்னா ரெண்டாவது பக்கத்துலயே தூக்கிப் போட்டுடும். இது நூல் தையல் போட்டது, விரிச்சா விரிச்சபடி கிடக்கும். எழுத்தும் பெருசு.”

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய பென் டிரைவைக் குப்பைக்கூடையில் போட்டாள். அதோடு ஆத்திரம் அடங்கவில்லை. காய்கறித் தோலையும் அதன் தலையில் கொட்டினாள்.

“போய்த் தொலை!”

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, புதுப் புத்தகத்தை விரித்து, புதுக் குரலை ஓடவிட்டாள். வாண்டு வாயை இறுக்கி மூடிக்கொள்ளும், பழைய குரல்தான் வேணும் என்று அழும், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கரகரக் குரல் போகப் போக, வாண்டின் விரல் வரிக்கு வரி நகர்ந்தது. கேட்காமலே வாய் திறந்தது, ஒரு உருண்டை போயிற்று, இன்னொன்றும் போயிற்று, டிராகன் வந்த இடத்தில் கெக்கெக்கென்று சிரிப்பு வேறு.

அம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை அந்த மூஞ்சி எப்படிச் சுருங்கும் என்று இப்போதே கண்ணுக்குத் தெரிந்தது. வரட்டும், நல்லா வரட்டும்.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு வாண்டு நிமிர்ந்து பார்த்தது.

“ஏம்மா, அப்பாவுக்கு ஜலதோஷமா?”