பச்சைப் பாக்கெட் சதி

எதிரி அச்சகத்து மிஷினை முடக்குவதற்கென்றே அங்கே வேலைக்குச் சேர்ந்தவன் ஆலியாங். வெட்கக்கேடு என்னவென்றால், அவன் கை வைப்பதற்கு முன்பே அந்த மிஷின் தானாகப் படுத்துவிட்டது.

தாய்பேயை ஒட்டிய ஜோங்ஹேயில் ஒரே சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு அச்சகங்கள். ஒன்று ஷுயுன் அம்மாளுடையது, இன்னொன்று பெங்குடையது. ஆலியாங்கை அனுப்பியது பெங்தான். "அந்தம்மாவோட கோயில் ஆர்டர் நம்ம கைக்கு வரணும். வந்துட்டா இங்க நீதான் ஃபோர்மேன்" என்று பேச்சு.

கோயில் ஆர்டர் லேசுப்பட்டதல்ல. புத்தாண்டுக்கு முன் பக்தர்கள் அத்தனை பேருக்கும் கடிதம் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர், அவரவர் பிறந்த வருஷத்து மிருகம், வரும் வருஷம் அவரவருக்குக் காத்திருக்கும் கண்டம், அதற்குப் பரிகாரம். எலி வருஷத்துக்காரருக்குப் பன்றியின் கண்டம் போய்விட்டால் சாமி மன்னித்தாலும் பக்தர் மன்னிக்க மாட்டார். சாதாரண நோட்டீஸ் என்றால் மிஷினுக்குப் பக்கம் தரும் கம்ப்யூட்டர் ஒரு தடவை யோசித்தால் போதும். இதிலோ தாளுக்குத் தாள் புதிதாக யோசிக்க வேண்டும். சற்று நேரம் ஓடும். பிறகு கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்தைத் தராமல் விழிக்கும், மிஷினும் நின்றுவிடும்.

ஷுயுன் பார்க்காத வைத்தியமில்லை. பெயர்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தாள், படங்களைச் சின்னதாக்கினாள், கேபிளை மாற்றினாள். பச்சைப் பாக்கெட்டையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஊரில் ஒரு பாக்கெட் சோளப்பொரி வைக்காமல் எந்த மிஷினும் ஓடாது. அதுவும் தேங்காய் வாசனை அடிக்கும் பச்சைப் பாக்கெட்தான், மஞ்சள் பாக்கெட்டை வைத்தால் மிஷின் முறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை நின்றபோதும் ஷுயுன் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் இன்னொரு பாக்கெட்டைச் சேர்த்தாள். வெதுவெதுப்பான இடம். குளிருக்கு அவளே அங்கேதான் கை காய்ச்சிக்கொள்வாள்.

மிஷின் கம்பெனி இன்ஜினியர் வருகிறாரென்று சுற்றிலும் துடைத்து, எல்லாவற்றையும் ஒதுங்க வைத்தாள். அவர் பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்த வரை, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போல மிஷின் சமர்த்தாக ஓடியது. அவர் சந்தைத் தாண்டி, ஒதுக்கியதெல்லாம் பழைய இடத்துக்கு வந்ததும் பழைய குருடி கதைதான்.

"உனக்கு என்னடா குறை வச்சேன்?" என்று ஷுயுன் மிஷினைக் கேட்டு மூக்கைச் சிந்தினாள். "இந்த ஆர்டர் போச்சுன்னா உன்னைப் பழைய இரும்புக்குத்தான் போடணும். கூடவே என்னையும்!"

ஆலியாங்குக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், "எல்லாம் என் கைவேலைதான்" என்று பெங்கிடம் பெருமை அடித்துக்கொண்டான்.

கோயில் கமிட்டி பொறுமை இழந்து பாதிப் பெயர்களை பெங்கிடம் கொடுத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் யார் முதலில் தங்கள் பாதியைக் கொண்டுவந்து சேர்க்கிறார்களோ, இனி ஆர்டர் மொத்தமும் அவர்களுக்குத்தான்.

பெங் ஃபோன் செய்தார். "அந்தம்மா மிஷின் நின்னு நின்னாவது ஓடுதாமே? ஒரேயடியாப் படுக்க வைடா!"

"அப்போ ஒரே வழிதான் முதலாளி. பாக்கெட்டைத் தூக்கிடறேன்."

கூலிக்கு ஆள் அடிப்பவன்கூட மிஷினின் பச்சைப் பாக்கெட்டைத் தொடத் தயங்குவான்.

"பாவம்டா" என்றார் பெங். பிறகு, "சரி, தூக்கறதுதான் தூக்கற, வீணாக்காத. இங்க கொண்டா. அந்தம்மா அதிர்ஷ்டம் நம்ம மிஷினுக்கு வரட்டும்."

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேஜையில் தலை கவிழ்த்துத் தூங்கும் நேரத்தில், ஆலியாங் பாக்கெட்டுகளை ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நிறைமாதக் கர்ப்பிணி போலச் சந்தைக் கடந்தான். பெங் அவற்றை இரண்டு கையாலும் வாங்கினார். தன் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் ஷுயுன் வைத்த மாதிரியே நெருக்கி அடுக்கிக் கும்பிட்டார்.

விளக்கு எரிந்ததும் ஷுயுன் அலறினாள். "எந்த நாசமாப் போறவன் எடுத்தான்? மிஷின் சாப்பாட்டைத் திங்கறவன் விளங்குவானா?"

"எலியா இருக்கும், முதலாளியம்மா."

"பாக்கெட்டோட தூக்கிட்டுப் போற எலியாடா?"

புதிது வாங்கி வர நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

மிஷின் ஓடியது. எலி, எருது, புலி, முயல் என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஷுயுன் மூச்சு விடவும் பயந்து நின்றாள்.

அதற்குள் பெங்கின் ஃபோன். "டேய், மத்தியானம் வரைக்கும் குதிரை மாதிரி ஓடிச்சு. இப்போ நின்னு நின்னு போகுதுடா!"

"இன்னும் ரெண்டு பாக்கெட் வாங்கி வைங்க முதலாளி" என்று கிசுகிசுத்தான் ஆலியாங்.

சாயங்காலம் கடைசிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஷுயுனின் வேன் கோயிலுக்குக் கிளம்பியது. "நீ ராசிக்காரன்டா!" என்று ஆலியாங்கின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வேனில் ஏறினாள். வேன் சந்தைத் தாண்டியதும் அவன் எதிர்ப்பக்கம் ஓடினான்.

அங்கே பாதிப் பக்தர்களின் கண்டம் இன்னும் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாட்டிக்கிடந்தது. பெங் பேயறைந்த மாதிரி நிற்க, அதே கம்பெனி இன்ஜினியர் பெட்டியின் தலையிலிருந்து பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டரோட சூடு வெளிய போறதுக்கு இருக்கறதே இந்தச் சல்லடை ஒண்ணுதான் சார், அதைப் பொரிப் பாக்கெட் போட்டு அடைச்ச புண்ணியவான் யாரு?"